ஓர் ஊரின் சான்று, ஐந்து ஊர்களின் கேள்வி: செட்டிநாட்டு ஊருணிச் சீரமைப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் ஊர்களுக்கும் ஆட்களுக்கும் பெயர் போடவில்லை. வீட்டுத் தண்ணீரைப் பற்றியும் தெருவைப் பற்றியும் மனம்விட்டுப் பேசியவர்களுக்கு நான் கொடுத்த வாக்கு அது. காரைக்குடியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய செட்டிநாட்டு ஊர்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஊருணி என்பது மழைநீர் சேரும் ஊர்ப் பொதுக்குளம்; ஓர் ஊரில் அதைச் சீர்செய்தது பலித்தது என்ற சான்று மேலும் ஐந்து ஊர்களுக்குச் செல்லுமா என்பதே இங்கே கேள்வி.

பின்னணி

முனைவர் பட்டம் முடிந்து இரண்டாண்டு ஆய்வு நல்கை கிடைத்தது. நான் படித்தது மெய்யியல். எடுத்துக்கொண்ட கேள்வி, சமூக அறிவியலில் ஓரிடத்தில் திரட்டிய சான்று இன்னோரிடத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்பது. நூலகத்தில் உட்கார்ந்தே இதை எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. சான்று என்பது யாரோ ஒருவர் யாரிடமோ போய்க் கேட்டு, எழுதி, எண்ணி உண்டாக்குவது. அந்த இடத்தில் நிற்காமல் அதன் வலிமையை எடைபோட முடியாது என்று தோன்றியது.

செட்டிநாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் துறையில் அடிக்கடி எடுத்தாளப்படும் உதாரணம் நம் பக்கத்தில் நடந்தது. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அது நடந்த மாவட்டங்களில் இராமநாதபுரமும் ஒன்று. இன்றைய சிவகங்கை மாவட்டம் அன்று அதற்குள் இருந்தது, 1985இல்தான் பிரிந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்குக் குறிப்பிட்ட நாள் வரை சத்துருண்டை கொடுத்தார்கள். எப்படி ஊட்டுவது என்று தாய்க்கு எடுத்துச் சொன்னார்கள். பலன் கிடைத்தது என்று மதிப்பீடுகள் கூறின. அதே அச்சில் 1990களில் வங்கதேசத்தில் நடத்தியபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. அங்கே பல வீடுகளில் கடைக்குப் போவது ஆண்கள், சோறு பங்கிடுவது மாமியார், அறிவுரை போய்ச் சேர்ந்ததோ தாய்க்கு என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். நான்சி கார்ட்ரைட் என்ற மெய்யியலாளர் இதை வைத்துத்தான் ‘அங்கே பலித்தது’ என்பதும் ‘இங்கே பலிக்கும்’ என்பதும் வேறுவேறு கூற்றுகள், முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக இடையில் பல படிகள் வேண்டும் என்று வாதிட்டார்.

காரைக்குடிக்கு வந்த முதல் மாதம், அந்தத் திட்டத்தில் எடை போட்ட ஓர் அம்மாவைத் தேடிப்பிடித்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். வங்கதேசத்து மாமியார் கதையை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இங்க மட்டும் என்ன தாயி, மாமியாக் கைலதான அகப்பை இருந்துச்சு. எடை போடுற அன்னிக்கு நான் அப்பத்தாமார முதல்ல கூப்புட்டு உக்கார வச்சுருவேன். அவுக பாக்கத்தான் பிள்ளையத் தராசுல போடுறது. அட்டையில கோடு கீழ எறங்குனா மருமகளுக்கு முந்தி அவுகளுக்குத்தான் பதறும்” என்றார். அப்படிச் செய்யும்படி மேலே இருந்து யாரும் சொல்லவில்லையாம். ஒருவர் நினைவு, நாற்பது ஆண்டு கழித்துச் சொன்னது. அதை வைத்து ஒரு திட்டத்தின் வரலாற்றைத் திருத்திவிட முடியாது. ஆனாலும் அந்த விளக்கத்தை அதற்குப் பின் பழைய நிம்மதியோடு என்னால் எழுத முடியவில்லை. மாமியார் இங்கேயும் இருந்திருக்கிறார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்த கை எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. பின்னால் ஊருணிக்கரையில் நான் எதைத் தேட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் இந்த அம்மாதான்.

என்னிடம் வந்த அறிக்கை

இந்தச் செம்மண் பூமியில் வற்றாத ஆறு கிடையாது. பழைய வளவு வீடுகளில் கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கும், அங்கிருந்து கிணற்றுக்கும் தெருக்காலுக்கும் போகும், தெருக்கால் ஊருணியில் சேரும். குளிக்க ஓர் ஊருணி, குடிக்க ஓர் ஊருணி என்று பிரித்து வைத்த ஊர்கள் பல. ஆழ்துளைக் கிணறும் குழாயும் கேன் தண்ணீரும் வந்தபின் குடிநீர் ஊருணிகளில் பல தூர்ந்தன.

இப்பகுதியில் வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்று, ஓர் ஊரில் அப்படித் தூர்ந்த ஊருணியைச் சீர்செய்திருந்தது. இதை முதல் ஊர் என்கிறேன். தூர்வாரி, மழைநீர் வந்து சேரும் வரத்துக்காலை ஒழுங்கு செய்து, படித்துறையைப் பழுதுபார்த்து, மணல் வடிகட்டித் தொட்டியும் அடிபம்பும் வைத்திருந்தார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் வீட்டுக்கு வீடு கணக்கெடுத்திருந்தார்கள். வேலை நடக்காத பக்கத்து ஊர் ஒன்றிலும் அதே கணக்கு எடுத்திருந்தார்கள். சிறிய நிறுவனம் இவ்வளவு செய்ததே பெரிது. முதல் ஊரில் ஊருணித் தண்ணீர் குடிக்கிறோம் என்றவர்கள் மிகச் சிலராக இருந்த நிலை மாறிப் பாதிக்கு மேல் ஏறியிருந்தார்கள்; ஒப்பீட்டு ஊரில் மாற்றமே இல்லை.

வெளிநாட்டில் குடியேறிய குடும்பம் ஒன்றின் அறக்கட்டளை, மேலும் ஐந்து ஊர்களில் இதையே செய்யப் பணம் தர முன்வந்தது. சான்றை வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. வறுமை ஒழிப்பு வழிகளைக் களப் பரிசோதனைகளால் சோதித்ததற்காகப் பானர்ஜி, டுஃப்ளோ, கிரெமர் மூவருக்கும் 2019இல் பொருளாதார நோபல் கிடைத்ததிலிருந்து கொடையாளர்கள் இப்படிக் கேட்பது கூடியிருக்கிறது. கேட்பது நியாயம்தான். நிறுவனத்தின் இயக்குநர் தங்கள் கணக்கெடுப்பு அறிக்கையோடு என்னிடம் வந்தார். பணம் வேண்டாம், தரவை ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். ஆடி மாதம் அது.

படித்துறையில் கண்டது

முதல் ஊரில் மூன்று வாரம் தங்கினேன். பூட்டிக்கிடந்த பெரிய வீடு ஒன்றின் முகப்பை அடுத்த அறையை, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி திறந்துவிட்டார். விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் ஊருணிக்கரைக்குப் போய்விடுவேன்.

குடங்கள் வந்தன. அதில் ஐயமில்லை. ஒவ்வொரு நாளும் எண்ணினேன். திருப்பூர், கோயம்புத்தூர் என்று வேலைக்குப் போனவர்களின் வீடுகளைக் கழித்தால், ஊரில் இருக்கும் வீடுகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் எடுத்தார்கள். அறிக்கை சொன்னதைவிடக் குறைவு, ஆனால் பொய்யென்று தள்ளும் அளவுக்கு இல்லை. பொருந்தாமல் போனது வேறிடத்தில். எடுத்துப்போன குடம் அடுப்படிக்குப் போனது. குடிப்பதற்குப் பல வீடுகளில் கேன் தண்ணீர் அப்படியேதான் வாங்கினார்கள். பிள்ளைகள் உள்ள வீடுகளில் கட்டாயம் வாங்கினார்கள்.

ஏன் என்று கேட்டதற்கு ஒருவர் என்னை வீட்டுக்குள் கூட்டிப்போய் இரண்டு பாத்திரத்தில் துவரம்பருப்பு வைத்துக் காட்டினார். “போர்த் தண்ணில பருப்பு வேகாதும்மா. மத்தியானம் வரைக்கும் எரிச்சாலும் கல்லு மாரி கெடக்கும். ஊருணித் தண்ணின்னா ரெண்டு கொதியில மலந்துரும். சோறும் மஞ்சப் பூக்காது” என்றார். மூத்தவர்கள் சிலர் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசி, தெளிந்த ஊருணித் தண்ணீரைக் குடிக்கவும் செய்தார்கள். ஆனால் ஊரைப் படித்துறைக்கு இழுத்தது பருப்புதான்.

கணக்கெடுப்புத் தாளில் இருந்த கேள்வி ‘ஊருணித் தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்துகிறீர்களா’ என்பது. கேட்டவர்கள் நிறுவனத்தின் சட்டை போட்ட பிள்ளைகள். ஊருக்கு நல்லது செய்தவர்கள் வாசலில் நின்று கேட்கும்போது “ஆமா, நல்லாருக்கு” என்று சொல்வதுதான் இங்கே மரியாதை. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. குடம் தூக்கியதும் உண்மை. அந்தக் குடத்துத் தண்ணீர் எதற்கு ஆனது என்று கேட்க மட்டும் தாளில் இடமில்லை. நம் சைவ சித்தாந்த அளவை நூலோர் அறிவுக்கு வழிகளாகக் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (பிறர் சொல்லக் கேட்பது) என்று மூன்றைக் கொண்டார்கள். கணக்கெடுப்புகளில் நாம் எண்ணாக மாற்றி வைப்பது பெரும்பாலும் உரை. எண்ணாக மாறியதும் அது காண்டல்போலத் தோற்றம் கொள்கிறது. யார் கேட்டார், யார் சொன்னார், எந்த முகத்தை வைத்துச் சொன்னார் என்பதெல்லாம் அட்டவணையில் உதிர்ந்துவிடுகிறது.

ஒப்பீட்டு ஊரிலும் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே காவிரிக் கூட்டுக் குடிநீர் நாள் தவறாமல் வருகிறது. முதல் ஊரோ குழாயின் கடைசியில் இருப்பதால் வாரக்கணக்கில் வராது. இரண்டு ஊரும் அளவில் ஒன்று, மழையில் ஒன்று. தண்ணீர்த் தட்டுப்பாட்டில் ஒன்றல்ல.

அறிக்கையில் இல்லாதவை

மூன்றாம் வாரம்வரை என் கண்ணிலும் சில படவில்லை. காலையில் நான் போகும்போதே ஊருணிக்கரையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். முதல் நாள் என்னைப் பார்த்ததும், “செருப்ப அங்கிட்டு விட்டுட்டு வா ஆத்தா” என்று மட்டும் சொன்னார். ஊர்ப் பெரியவர் காற்று வாங்க உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பல நாள் கடந்துபோனேன். ஒருநாள் ஆட்டுக்குட்டி ஒன்று வேலிக்குள் நுழைந்தபோது அவர் எழுந்து ஓடிய வேகத்தில்தான் அது அவருடைய வேலை என்று புரிந்தது. கேட்டேன். ஊருணிக் காவல் அவர் அப்பா காலத்திலிருந்தே அவர்கள் குடும்பத்துக்கு. சம்பளம் நகரச் சிவன் கோயில், அதாவது நகரத்தார் கோயில், கணக்கிலிருந்து வருகிறது. அந்த ஆண்டு கோயில் நிர்வாகத்தைப் பார்த்த காரியக்காரர் அன்போடு பழைய பேரேடுகளை எடுத்துக் காட்டினார். ஊருணி தூர்ந்து கிடந்த ஆண்டுகளிலும் ‘ஊருணிக் காவல்’ என்ற பற்று நிற்காமல் வந்திருந்தது. தண்ணீரே இல்லாத ஊருணிக்கு ஏன் காவல் கொடுத்தீர்கள் என்றேன். “நிறுத்துனா அப்பறம் ஆரம்பிக்க முடியாதுல்ல” என்றார்.

திட்டத்தின் செலவுப் பட்டியலில் காவல்காரர் இல்லை. இருக்க முடியாது, திட்டம் அவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. அதனாலேயே திட்டம் எதனால் பலித்தது என்ற பட்டியலிலும் அவர் இல்லை. எதற்குப் பணம் கொடுத்தோமோ அதைத்தான் காரணம் என்று எழுதுகிறோம். முன்பே அங்கே இருந்து, எல்லாவற்றையும் தாங்கி நின்றது கணக்கில் வருவதில்லை.

ஊருணிக்கு மழைநீர் வழிந்து வரும் பொட்டல் கோயில் நிலமாக இருந்ததால் அதில் வீடோ கழிவோ ஏறவில்லை. இதுவும் அறிக்கையில் இல்லை.

அடுத்தது எழுதக் கனமானது. குடிநீர் ஊருணியின் படியில் எல்லாரும் இறங்க முடிந்த காலம் இங்கே இருந்ததில்லை. காலனி மக்களுக்கு வேறு குட்டை என்றிருந்த ஊர்கள் இவை. முதல் ஊரில் இன்று அப்படி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மூன்று வாரமும் நான் பார்த்தவரை, காலனிப் பெண்கள் படியில் இறங்கவில்லை. கரைக்கு வெளியே சாலையோரம் இருந்த அடிபம்பில் அடித்துக்கொண்டு போனார்கள். அதே பம்பில் மேலத்தெருப் பெண்களும் அடித்தார்கள். வரிசை ஒன்றாகத்தான் நின்றது. பம்பை ஏன் வெளியே வைத்தீர்கள் என்று நிறுவனத்தின் பொறியாளரைக் கேட்டேன். மணலும் ஜல்லியும் ஏற்றிய லாரி கரைக்குள் திரும்ப இடமில்லை, அதனால் வெளியே கட்டினோம் என்றார். ஓர் ஊரின் இரண்டு பகுதிகளும் ஒரே தண்ணீரை எடுப்பதற்கு லாரி திரும்பாதது காரணமாகியிருந்தது. அடுத்த ஐந்து ஊர்களுக்கான வரைபடத்தில் பம்பு கரைக்குள், படித்துறைக்குப் பக்கத்தில், பார்க்க அழகாக வரையப்பட்டிருந்தது.

எடுத்த முடிவுகள்

ஐந்து ஊர்களில் சிலவற்றைச் சீட்டுக் குலுக்கிப் பொறுக்கி ஒழுங்கான பரிசோதனையாக நடத்தலாமே என்று அறக்கட்டளை கேட்டது. வேண்டாம் என்றேன். ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரித்தால் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு சராசரியில் கரையாது. கரைந்தாலும் சராசரி விடையை வைத்து ஒரு குறிப்பிட்ட ஊரில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. நமக்கு வேண்டியிருந்தது ஊர் வாரியான விடை.

ஆகவே ஒவ்வோர் ஊரிலும் சில நாள் தங்கி, பலன் வர அங்கே என்னென்ன சேர வேண்டும், எது இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். இதற்கு ஜே. எல். மேக்கி என்ற மெய்யியலாளர் 1965இல் காரணத்துக்குக் கொடுத்த விளக்கம் துணையாக இருந்தது. அதை நிறுவனத்தின் கூட்டத்தில் பருப்பை வைத்தே சொன்னேன். நல்ல தண்ணீர் மட்டும் பருப்பை வேகவைக்காது. தீ வேண்டும், நேரம் வேண்டும். தீயும் நேரமும் இருந்து நல்ல தண்ணீர் இல்லையென்றால் அந்தச் சேர்மானம் பலிக்காது. ஆனால் பருப்பு வேக அது ஒன்றுதான் வழியா என்றால் இல்லை; குக்கர் இருக்கிறது, சோடா உப்பு இருக்கிறது. நாம் ‘காரணம்’ என்று சொல்வது பெரும்பாலும் இப்படி ஒரு சேர்மானத்தின் தவிர்க்க முடியாத ஒரு பங்கு. கூட்டத்தில் இருந்த பெண்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். “அப்ப காவக்காரருதான் தீயா?” என்று ஒருவர் கேட்டார். அதைவிடத் தெளிவாக என் கட்டுரைகளில் நான் எழுதியதில்லை.

உறவைக் காட்டும் கணக்கு ஒன்று, அது எவ்வழியாக நடந்தது என்று காட்டும் தடயம் ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் காரணம் என்று நிறுவலாம் என்று ஃபெடரிகா ருஸ்ஸோ, ஜான் வில்லியம்சன் என்ற மெய்யியலாளர்கள் 2007இல் எழுதினார்கள். இந்த நிகழ்வில் கணக்கு பலவீனமாகவும் வழி பலமாகவும் இருந்தது. பருப்பு, காவல், பம்பு மூன்றையும் கண்ணால் கண்டேன். இதை அறக்கட்டளைக்கான என் அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

பம்பைப் பற்றிய பத்தியில் இயக்குநருக்கும் எனக்கும் நீண்ட பேச்சு நடந்தது. “மேடம், நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க. நாங்க நாளைக்கு அந்தத் தெருவுக்குள்ள போகணும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது; இருபது ஆண்டுகளாக அந்த ஊர்களில் அவர் சேர்த்த நம்பிக்கை என் பத்தி ஒன்றால் போய்விடக்கூடும். ஆனால் அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் பம்பு கரைக்குள் போய்விடும்; காலனி வீடுகள் வெளியே நிற்கும்; இரண்டாண்டு கழித்து ‘பயன்பாடு எதிர்பார்த்ததைவிடக் குறைவு’ என்று இன்னொரு மதிப்பீடு வரும். கடைசியில் எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லாமல், பம்பு எல்லா ஊரிலும் சாலையோரம்தான் இருக்க வேண்டும், காரணம் இது என்று நேராக எழுதினோம். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

இத்தனையும் கவனமாகச் செய்துவிட்டு, அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன்: ‘கைவசம் உள்ள சான்று, ஐந்து ஊர்களிலும் இத்திட்டம் பலிக்கும் என்று சொல்லப் போதாது.’ பிழையில்லாத வாக்கியம். இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்ற முடியாது. கெடுதல் செய்தது அதுதான்.

நடந்தது

அறக்கட்டளையில் முடிவெடுப்பவர்கள் முதல் பக்கத்தைப் படித்தார்கள். ஐந்து ஊருக்கும் பணத்தை நிறுத்திவைத்தார்கள். சான்று போதாது என்பது பலிக்காது என்று வாசிக்கப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதே வேறுபாடு ஓர் அவசரமான வாசகர் கையில் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

அந்த ஐந்தில் ஓர் ஊரில் எல்லாமே சேர்ந்திருந்தது. போர்த் தண்ணீர் கடும் உப்பு. வரத்துக்கால் மேட்டில் ஆக்கிரமிப்பு கிடையாது. காவலுக்கு ஊர்ப் பொதுவில் பணம் ஒதுக்கியிருந்தார்கள். தெருக்குழாயில் எல்லாத் தெருவும் ஒன்றாக நின்று பழகியிருந்தார்கள். கோடையில் தூர்வார அனுமதியும் வாங்கிவைத்திருந்தார்கள். வண்டலை அள்ளிக்கொள்ள விவசாயிகள் டிராக்டரோடு தயாராக இருந்தார்கள். பணம் வராததால் கோடை கழிந்தது. ஐப்பசியில் மழை இறங்கி, தூர்வாராத ஊருணியில் முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர் நின்றது.

கார்த்திகையில் அந்த ஊராட்சித் தலைவரம்மா காரைக்குடிக்கு வந்தார். என் அறையில் உட்கார்ந்து, கோபமில்லாமல்தான் கேட்டார்: “ஏம்மா, நீ எங்க ஊர்ல அஞ்சு நா தங்குன. வீடு வீடா வந்த. நீ எழுதுன பேப்பர்ல எங்க ஊரப் பத்தி என்ன போட்டுருக்க?” புரட்டிப் பார்த்தேன். பின்னிணைப்பில், அட்டவணைக்குக் கீழே, இரண்டு வரி. ‘இவ்வூரில் துணைக் காரணிகள் பெரும்பாலும் உள்ளன.’ அதை வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். “அப்ப நல்லதாத்தான எழுதிருக்க. பெறகு ஏன் நிறுத்துனாக?” என்றார். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரு மழைக்காலத்துத் தண்ணீர் அந்த ஊருக்கு என்னால் போனது. அறிக்கையை அவசரமாகப் படித்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் எப்படிப் படிப்பார்கள் என்று தெரிந்து எழுதுவது என் வேலை.

அந்த வாரமே அறிக்கையை வேறு வடிவில் எழுதினேன். ஊருக்கு ஒரு பக்கம். முதல் வரியில் விடை: இந்த ஊரில் பலிக்கும் என்று நம்ப நல்ல காரணம் உண்டு; அல்லது, இன்னது செய்தால் பலிக்கும்; அல்லது, இப்போதைக்கு இல்லை, ஏனென்றால் இது. அதன்கீழே எதைக் கண்டேன், எதை ஊகித்தேன், எதைப் பிறர் சொல்லக் கேட்டேன் என்று பிரித்து எழுதினேன். தலைவரம்மாவின் ஊருக்கு விடை தெளிவாக இருந்தது. இரண்டு ஊருக்குக் காவல், பம்பு பற்றிய நிபந்தனைகள். மீதி இரண்டுக்கு வேண்டாம் என்றே எழுதினேன்; ஒன்றில் காவிரித் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, இன்னொன்றில் வரத்துக்கால் முழுக்க வீடுகள்.

அறக்கட்டளை இம்முறை முழுவதும் படித்தது. தலைவரம்மாவின் ஊருக்கும் நிபந்தனை வைத்த ஊர்களில் ஒன்றுக்கும் அடுத்த கோடையில் வேலை நடந்தது. தலைவரம்மா பணம் வரும்வரை சும்மா இருக்கவில்லை; நூறு நாள் வேலையில் வரத்துக்காலைத் துப்புரவாக்கி வைத்திருந்தார். அந்த ஊரில் மழைக்குப்பின் ஊருணி நிறைந்தது. தை மாதம் பத்து நாள் நானே போய் எண்ணினேன். ஊரில் இருந்த வீடுகளில் பெரும்பாலானவை சமையலுக்குத் தண்ணீர் எடுத்தன, எல்லாத் தெருவிலிருந்தும் வந்தார்கள். கேன் தண்ணீர் வாங்குவது அதிகம் குறையவில்லை. குறையும் என்று இம்முறை நாங்கள் சொல்லவும் இல்லை.

இன்னோர் ஊரில் பாதிதான் நடந்தது. பம்பைச் சாலையோரம் வைத்தார்கள், அது நன்றாக ஓடுகிறது. காவலுக்கு ஆள் போட்டார்கள். நாலு மாதம் சம்பளம் நின்றதும் அவர் கட்டட வேலைக்குப் போய்விட்டார். நான் கடைசியாகப் போனபோது கரையில் ஆடுகள் மேய்ந்தன, வேலியில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆள் போட்டபோது அந்த ஊருக்கான பக்கத்தில் ‘காவல் உண்டு’ என்று எழுதியிருந்தேன். காவல் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, அந்தக் கணக்கு எத்தனை ஆண்டு பழையது என்று கேட்கவில்லை. முதல் ஊரில் பேரேட்டையே கையில் பிடித்துப் பார்த்தவள் இதைக் கேட்காமல் விட்டது என் தவறு. பணம் ஒதுக்கும் தீர்மானம் ஒரு நாளில் போடலாம். தண்ணீர் இல்லாத ஆண்டிலும் நிறுத்தாமல் கொடுக்கும் வழக்கம் தலைமுறைக் கணக்கில் வருவது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்திருந்தேன்.

மாற்றிக்கொண்டவை

திரும்பச் செய்தால் முதலில் கேள்வித்தாளை மாற்றுவேன். ‘குடிக்கிறீர்களா’ என்பதற்குப் பதில், இன்று காலை எத்தனை குடம், எதில் ஊற்றினீர்கள், மத்தியானம் எதை வைத்துச் சமைத்தீர்கள் என்று. கேட்பவர் நிறுவனத்தின் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டுப் போக வேண்டும். கணக்கு எடுப்பதற்கு முன் ஒரு வாரமாவது விடியலில் படித்துறையில் நிற்க வேண்டும். இதற்குப் பணம் ஒதுக்கக் கொடையாளர்கள் தயங்குவார்கள், ஏனென்றால் அதில் எண் எதுவும் வராது. ஆனால் எந்த எண்ணைக் கேட்க வேண்டும் என்பது அங்கேதான் தெரியவருகிறது.

ஒப்பீட்டு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது குழாய்த் தண்ணீர் வரும் நாட்களை முதலில் கேட்பேன். செலவுப் பட்டியலுக்குப் பக்கத்தில், திட்டம் பணம் கொடுக்காத, ஆனால் இல்லாமல் போனால் திட்டம் நிலைக்காத எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் வைப்பேன். அதை நிரப்ப வேண்டியவர்கள் ஊரில் இருப்பவர்கள். நான் மூன்று வாரத்தில் நிரப்பியதில் இரண்டு விட்டுப்போயின என்று பிறகு தெரிந்தது.

மொத்தத்தில் போதுமா போதாதா என்று ஒரு வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டேன். சான்று போதாது என்று எழுதும்போது, எதற்குப் போதாது, காத்திருந்தால் யாருக்கு என்ன இழப்பு என்பதையும் அதே பத்தியில் எழுதுகிறேன். நிறுத்துவதும் ஒரு முடிவு. அதற்கும் சான்று வேண்டும். இதைச் சக ஆய்வாளர்கள் சிலர் ஏற்கவில்லை. சான்றை எடைபோடுவது எங்கள் வேலை, விளைவைக் கணக்கிடுவது முடிவெடுப்பவர் வேலை என்கிறார்கள். கார்த்திகை மாதம் அந்தத் தலைவரம்மா என் முன்னால் உட்கார்ந்து கேட்டபின் எனக்கு அந்தக் கோடு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

காவல் நின்ற ஊரில் இப்போது பேச்சு நடக்கிறது. கோயில் கணக்கில் ஏற்றலாமா, ஊராட்சியே கொடுக்கலாமா, பம்படிக்கும் வீடுகள் மாதம் கொஞ்சம் போடலாமா என்று மூன்று வழி சொல்கிறார்கள். சித்திரையில் ஊர்க்கூட்டம். முதல் ஊரின் காவல்காரரைப் பேச அழைத்திருக்கிறார்கள். தன் அப்பா காலத்துப் பேரேட்டை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.